சிங்காரத்துக்கு வாங்கிக் கொடுத்த காப்பி

1

சிங்காரம் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அதற்குள் நான் அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, ரயிலேற்றி, சேலம் வரைக்கும் அனுப்பி வைத்துவிட்டேன்.

பதற வேண்டாம், சிங்காரம் உங்களுக்கு உறவில்லை. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே ஓடும் ரயில்களில் அவர் டிக்கெட் பரிசோதகர். நானும் என் நண்பன் ரஹ்மத்துல்லாவும் சேர்ந்து உண்டாக்கிய ஆள். பதினைந்து வருஷமாக அவரை வைத்து ஒரு கதை எழுதி வந்தோம். ஒரு அத்தியாயம் அவன், அடுத்தது நான். அவன் தருமபுரியில் தகரக்கடை வைத்திருக்கிறான். நான் மலேசியாவில், கிள்ளான் என்கிற ஊரில், மசாலா மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கதை அச்சில் வந்ததில்லை, வரவும் வராது. வாசகர்கள் மொத்தம் இரண்டு பேர். எழுதியவர்களும் அவர்களே. எழுதுகிறவர்களைவிடப் படிக்கிறவர்கள் குறைவு என்ற புலம்பல் எங்கள் இலக்கிய உலகத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த மாதத்தோடு நான் இங்கே கப்பலிறங்கிப் பத்து வருஷம் ஆகிறது. முதலாளி என் பெரியம்மா மகன். அவரிடம் சொன்னேன். “பத்து வருசமா? அட கடவுளே!” என்றவர், மல்லி மூட்டை வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். இந்த மாதிரி நாளில்தான் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு உருக்கமாக ஏதாவது எழுதுவது வழக்கம். நான் எழுதுவதை இரங்கல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

அறுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு புளி மண்டியில் எனக்கு வேலை. எதிரே ரஹ்மத்தின் கடை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. புளி சீசன் முடிந்தால் மண்டியில் ஈ கூட வராது. ஈக்கு அதற்குப் பிறகு அங்கே என்ன இருக்கிறது?

ஒருநாள் ஜோலார்பேட்டை போய்த் தகடு வாங்கி வந்தவன், ரயிலில் தன்னை மடக்கிய டிக்கெட் பரிசோதகரைப் பற்றி அளந்தான். நான் அதைவிடப் பெரிதாக ஒன்றை அளந்து, அதை மண்டியின் எடைச்சீட்டுகளுக்குப் பின்னால் எழுதியும் கொடுத்தேன். மறுநாள் அவன் தொடர்ச்சியோடு வந்தான். சிங்காரம் பிறந்துவிட்டார்.

பிறகு தானாகவே ஒரு சட்டம் ஏற்பட்டது. எழுதுகிறவன் சிங்காரத்தை ஒரு சிக்கலில் மாட்டிவிட்டு நிறுத்த வேண்டும். வாங்குகிறவன் அவரை அதிலிருந்து மீட்டு வேறொன்றில் மாட்ட வேண்டும். மற்றவன் எழுதியதை அழிக்கக் கூடாது. ‘எல்லாம் கனவு’ என்று தப்பிக்கக் கூடாது. செத்தவர்களை எழுப்பக் கூடாது. ஒருநாள் காலையில் ரஹ்மத் மண்டிக்கு வந்து என்னிடம் சொன்னான்:

“டேய் மாது, மொரப்பூர்ல ஒரு கல்யாண கோஷ்டி ஏறிட்டாங்க. நாப்பது பேருக்கு ஒரே டிக்கெட்டு. சிங்காரம் போயி டிக்கெட்டு கேட்டாரு. அவங்க மாப்பிள ஓடிப் போயிட்டான். இவரப் புடிச்சு மாலையப் போட்டு உக்கார வெச்சிட்டாங்க. நாளைக்கு நீ எறக்கு.”

“ஏன்டா, அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சேடா. மூணாவது அத்தியாயத்துல நீதானே பண்ணி வெச்ச?”

“அதான் சிக்கலே. எறக்கு, எறக்கு.”

மறுநாள் முழுக்க நான் மூட்டைகளை எண்ணவில்லை. எண்ணுவதுபோல் நின்றுகொண்டு சிங்காரத்தைக் கல்யாணத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனுடைய சந்தோஷம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். உடம்பு ஓரிடத்தில் சம்பளத்துக்கு நிற்கும். ஆள் ஓடும் ரயிலில் இருப்பான். எந்த முதலாளியாலும் அதைப் பிடித்தம் செய்ய முடியாது. மதியம் சோற்றில் கை வைத்தபோது வழி கிடைத்தது. ஓடிப்போன மாப்பிள்ளை அதே ரயிலில், கழிப்பறைக்குள், டிக்கெட் இல்லாமல் இருக்கிறான். பரிசோதகர் என்கிற முறையில் சிங்காரம் கதவைத் தட்டலாம். கை கழுவாமல் தெருவைக் கடந்து போய் ரஹ்மத்திடம் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அடித்துக்கொண்டிருந்த புனல் நசுங்கிப் போயிற்று.

3

கிள்ளானுக்கு வந்த பிறகு கதை நீல நிற ஏர்மெயில் தாளுக்கு மாறியது. அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மடித்து ஒட்டினால் தாளே உறையாகிவிடும், தபால்தலையும் அதிலேயே அச்சாகியிருக்கும். உள்ளே வேறெதையும் வைக்கக் கூடாது. ஆகவே ஒரு தாள், ஒரு அத்தியாயம். உலகத்தில் எத்தனையோ எழுத்தாளர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டை விதித்திருந்தால் வாசகர்கள் வாழ்த்தியிருப்பார்கள்.

பகலில் கடையில் மிளகாய்த்தூள் கணக்கு. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சரக்குதான். மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பேரம் பேசும் ஒரு சீனக் கிழவரின் மூக்கை எடுத்து, பொம்மிடி ஸ்டேஷன் மாஸ்டருக்கு வைத்தேன். அவருக்கு அது பொருந்தியதுபோல் கிழவருக்கே பொருந்தியதில்லை. ரஹ்மத் எழுதினான்: ‘இந்த மூக்கை எங்கே புடிச்சே?’ அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சிரித்த முகமாக இருந்தேன். கொள்முதல் விலை ஏறியதற்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று முதலாளி கேட்டார்.

மொழி மட்டும் மெல்ல என்னைக் கைவிட ஆரம்பித்தது. ஒருமுறை, என்னை அறியாமல், சிங்காரம் ‘ஜாலான் ஓரமாக நடந்தார்’ என்று எழுதிவிட்டேன். ஜாலான் என்றால் மலாயில் சாலை. அதையே ஊரின் பெயராக எடுத்துக்கொண்டு ரஹ்மத் தொடர்ந்துவிட்டான். ‘ஜாலான் எங்கடா இருக்குது, அரூர் பக்கமா?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வி. எழுதியதை அழிக்கக் கூடாது என்பதால் இன்றும் தருமபுரி மாவட்டத்தில் தீர்த்தமலைக்குப் போகும் வழியில் ஜாலான் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பஸ் வசதி இல்லை.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இருக்கலாம் என்று அர்த்தம். சொந்தம் என்று அர்த்தமில்லை. குடியுரிமைக்கான நீல அட்டை வேண்டுமென்றால் மலாயில் பேசிக் காட்ட வேண்டும். பெயர், முகவரி, தொழில், சாப்பிட்டாயா எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அதிகாரி நல்லவர். அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லாததால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. தெரிந்த நாற்பது மலாய் வார்த்தைகளை வைத்துக்கொண்டு சிங்காரத்தை ரயிலில் ஏற்றினேன், கல்யாணக் கோஷ்டியை ஏற்றினேன், மாலையைப் போட்டேன். அங்கே வார்த்தைகள் தீர்ந்துபோயின.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “லெப்பாஸ் இத்து?” என்றார். ‘அதுக்கப்புறம்?’ என்று அர்த்தம்.

கழிப்பறைக்கும் ஓடிப்போன மாப்பிள்ளைக்கும் மலாய் வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கைகளால் காட்டினேன். கைகளால் காட்டியது என்ன அர்த்தம் கொடுத்ததோ, அவர் முகம் மாறியது. மொழியறிவு போதாது, மறுபடி விண்ணப்பிக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு வருத்தமில்லை. இந்த நாட்டில் என்னிடம் ‘அதுக்கப்புறம்’ என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

வீட்டில் யாரும் கேட்டதில்லை. மனைவி சரோஜா நல்லம்பள்ளிக்காரி. “ரயிலு ரயிலுன்னு எழுதறீங்களே, அந்தாளுக்கு வூடு வாசல் கெடையாதா?” என்பாள். மகள் மல்லிகா கைக்குழந்தையாக இங்கே வந்தவள். படிப்பது ஆங்கிலப் பள்ளியில். தமிழைப் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஞாயிறுதோறும் அ, ஆ சொல்லிக் கொடுக்க உட்காருவேன். ஈ வரைக்கும் வருவதற்குள் அவளுடைய சீனச் சிநேகிதி மெய்லிங் சைக்கிள் மணி அடித்துவிடுவாள்.

4

போன வருஷக் கடைசியில் ரஹ்மத்தின் தாள் வந்தது. கடையில் இருந்து வந்து பார்க்கிறேன், மேஜைமேல் கிடந்தது. ஒரு மூலையில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக மேஜையின் மரம் தெரிந்தது.

“மல்லிகா!”

“ஸ்டாம்ப் வேணும்னு மெய்லிங் கேட்டாப்பா. இந்தியா ஸ்டாம்ப் அவகிட்ட இல்ல.”

“தாளையே வெட்டிட்டியேம்மா!”

“ஸ்டாம்ப்பு மட்டும்தாம்பா வெட்னேன்.” அவளுக்கு என் முகம் புரியவில்லை. “பின்னால சும்மா எழுத்துதானே இருந்துச்சு?”

பத்து வருஷத்தில் என் இலக்கிய வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரே விமர்சனம். மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

படித்தேன். பொம்மிடி ஸ்டேஷன், மழை. டிக்கெட் இல்லாத ஒருவனைத் துரத்திக்கொண்டு சிங்காரம் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் தண்டவாளத்தில் குதிக்கிறார். வளைவில் ஒரு கூட்ஸ் வண்டி திரும்புகிறது. சிங்காரம் நிமிர்ந்து பார்க்கிறார். அதன் பிறகு ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ‘இப்படிக்கு அன்புடன் ரஹ்மத்’.

எனக்குப் பரம திருப்தி. வழக்கமான சிக்கல், அருமையான இடத்தில் நிறுத்தியிருக்கிறான். ஓட்டையில் போனது ஏதோ இரண்டு வரி வர்ணனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் கையெழுத்துப் போட்டு முடித்தது அதுதான் முதல் தடவை. அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றே உட்கார்ந்தேன். கூட்ஸ் வண்டியை சிக்னலில் நிறுத்தினேன். சிங்காரத்தை மேலே ஏற்றி, தலையைத் துவட்டி, ஸ்டேஷன் மாஸ்டரின் செலவில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, சேலம் ரயிலில் ஏற்றிவிட்டேன். அந்தக் காப்பியை வர்ணிக்க மட்டும் அரைப் பக்கம் ஆயிற்று. எழுதும்போது என் நாக்கில் அந்தச் சூடு தெரிந்தது. அந்த மாதிரி ஒரு ராத்திரி வாய்த்தால் மறுநாள் மிளகாய் மூட்டையும் மணக்கும்.

பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். தபால் தாமதம் என்றேன். பிறகு அவனுக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு எதுவும் சொல்லிக்கொள்ளாமல் இருக்கப் பழகினேன்.

5

சித்திரையில் அக்கா மகனுக்குக் கல்யாணம். திரும்பி வர அனுமதி வாங்க மூன்று அலுவலகங்கள், கப்பலில் ஒரு வாரம், மதராசிலிருந்து ரயில். பொம்மிடியில் இறங்கினேன். சீனக் கிழவரின் மூக்கு இல்லாத ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் நின்றிருந்தார். எனக்கு அவரை நம்பவே முடியவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் தருமபுரிக்குப் போனேன். ரஹ்மத் ஒரு வாளிக்கு அடிப்பாகம் வைத்துக்கொண்டிருந்தான்.

“வாடா பினாங்கு!”

“கிள்ளான்டா.”

“எல்லாம் ஒண்ணுதான். உக்காரு. ஜமீலா, யார் வந்துருக்கறான்னு பாரு!”

அவன் வீடு கடைக்குப் பின்னாலேயே. அவன் மனைவி ஜமீலா எட்டிப் பார்த்தாள். “வாங்கண்ணா, அக்கா வர்லீங்களா?” என்று கேட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. அவன் அந்தப் பக்கமே வராததால் நானே கேட்டேன்.

“என் காயிதம் வந்துச்சா?”

“வந்துச்சு.” சுத்தியல் இரண்டு தட்டுத் தட்டியது. “நல்லாதான் காப்பி குடிச்சிக்கிட்டிருந்தாரு.”

“அப்புறம் ஏன்டா பதில் போடல?”

“ஏன்டா, செத்தவனுக்கு யாராச்சும் காப்பி வாங்கிக் குடுப்பாங்களா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனே சொன்னான்.

“கூட்ஸ் வண்டி ஏறிடுச்சுன்னு எழுதினேனேடா. செத்துட்டாருன்னு தெளிவா எழுதினேன். முற்றும்னு போட்டேன். கையெழுத்தும் போட்டேன். நீ பாட்டுக்கு எழுப்பி உக்கார வெச்சு காப்பி குடுத்துட்ட. சட்டம் என்னா? எழுப்பக் கூடாது. சரி, இவன் ஒத்துக்க மாட்டேங்கறான்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன்.”

நான் தபால்தலைக் கதையைச் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டான்.

“நாலு வரிடா! அவரு சாவறது நாலே வரி, எடமில்லாம மூலையில பொடிப்பொடியா எழுதினேன். ஸ்டேஷன்ல எல்லாரும் நிக்கறாங்க, மழ மட்டும் நிக்கல... அப்டி ஏதோ வரும். என் வாழ்க்கையிலேயே நல்லா எழுதினது அது ஒண்ணுதான். அது இப்ப எங்க?”

“மெய்லிங்னு ஒரு சீனப் பொண்ணோட ஆல்பத்துல. குப்புற ஒட்டியிருக்குது.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பழைய சிரிப்பு. நானும் சிரித்தேன். டீயோடு வந்த ஜமீலாவும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள். அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

“சரி, எதுக்குச் சாவடிச்ச?” என்றேன்.

சிரிப்பு நின்றது. வாளியைத் தள்ளி வைத்தான்.

“தப்பா எடுத்துக்காத மாது. எனக்கு மூணு நாலு வருசமாவே முடியலடா. உன் காயிதத்தப் பாத்தாலே சுத்தியலக் கீழ வெச்சிட்டு உக்காந்துடுவேன். மறுபடி அந்தாள எங்கிருந்து எறக்கறது, எங்க ஏத்தறதுன்னு...”

“ஆமாங்கண்ணா,” என்றாள் ஜமீலா. கள்ளமில்லாமல்தான் சொன்னாள். “நீலக் காயிதம் வந்துட்டா ரெண்டு நாளைக்கு இவருக்குச் சோறு எறங்காது. ‘எழுதாம வுட்டுடுங்களேன்’னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்.”

“அப்ப ஏன்டா எழுதின?”

“நீ அங்க ஒண்டியாக் கெடக்கற. பேசச் சிரிக்க ஆளில்ல. நானும் வுட்டுட்டா உனக்கு யாரு இருக்கறா? பாவம்னுதான்.”

ஊர்க்காரர்களே, இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிள்ளானில் பத்து வருஷமாக நான் எல்லாரிடமும் சொல்லி வந்தது இதுதான்: தருமபுரியில் ஒரு தகரக்கடைக்காரன் இருக்கிறான், ரசனையுள்ளவன், அங்கே அவனோடு இலக்கியம் பேச ஒரு ஆள் கிடையாது, பாவம், அவனுக்காகத்தான் நான் விடாமல் எழுதுகிறேன்.

என் முகத்தைப் பார்த்து ரஹ்மத் பயந்துவிட்டான். “டேய், வுடுடா. பொழைச்சுதான் கெடக்கறாரே. நீ ஊரு போய்ச் சேரு, நான் அடுத்தது எழுதறேன்.”

6

சொன்னபடி எழுதினான். நான் திரும்பி வந்த சில வாரங்களில் தாள் வந்தது. மல்லிகா கண்ணில் படாமல் நானே தபால்காரரிடமிருந்து வாங்கினேன். சிங்காரம் சேலத்தில் இறங்குகிறார். அவருடைய பை காணாமல் போகிறது. அத்தியாயம் முடிந்தது. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ஓரத்தில் ஒரு கேள்வி இல்லை. வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை பலகையைக் கொண்டுவந்து காட்டுவதுபோல் இருந்தது. ஜமீலா சோற்றை வைத்துவிட்டு எத்தனை முறை கூப்பிட்டிருப்பாளோ.

என் முறை. எனக்கோ அதற்குள் அபாரமான யோசனை ஒன்று வந்துவிட்டது. அந்தப் பையை எடுத்தவன் அதிலிருந்த சீருடையைப் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறான்; சிங்காரத்திடமே வந்து டிக்கெட் கேட்கிறான்; அவரிடம் இல்லை. இதைவிட நல்ல சிக்கல் பதினைந்து வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்ததில்லை. சீரகம் நிறுக்கும்போது வந்தது. நிறுவையை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். பழைய மண்டி நாட்களில் நின்ற அதே மாதிரி. அப்போது தெருவைக் கடந்தால் போதும்.

எழுதினால், அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அவன் எழுதுவான். நான் இருக்கிறவரை எழுதுவான், அப்படிப்பட்ட மடையன்.

தனியாகவே தொடரலாமா என்றும் முயன்று பார்த்தேன். சிங்காரத்தை நானே மாட்டிவிட்டு நானே மீட்டேன். நானே வைத்த பூட்டுக்கு நானே சாவி தேடுவதில் என்ன இருக்கிறது? இரண்டு பக்கத்தில் அவர் சுங்கத்துறைப் படிவத்தில் வருகிற ஆள்போல ஆகிவிட்டார். கிழித்துப் போட்டேன். இந்த ஊரில் இருக்கும் தமிழ்ச் சங்கத்தில் கதை வாசிக்கலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். வாசித்திருக்கிறேன். எல்லாரும் கேட்டார்கள், கை தட்டினார்கள், டீ கொடுத்தார்கள். நாளைக்கு நீ எறக்கு என்று எவரும் சொல்லவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஹ்மத்துக்குச் சாதாரணக் கடிதம் ஒன்று எழுதினேன். நாங்கள் அனைவரும் நலம். அங்கு ஜமீலாவும் பிள்ளைகளும் நலமா? இங்கே நல்ல மழை. மல்லிகா கணக்கில் நல்ல மார்க். வேலை அதிகமாக இருப்பதால் இனிமேல் கதை எழுத எனக்கு நேரமில்லை, தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு நேரமில்லை என்பதை இரண்டு தடவை எழுதினேன், அவன் நம்ப வேண்டுமே என்று. பாதித் தாள் காலியாகவே இருந்தது. அப்படியே ஒட்டினேன்.

பதில் உடனே வந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் அவன் பதில் போட்டதில்லை. சரோஜா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஊர்ச் சேதி என்றதும் படிக்கச் சொன்னாள். சத்தம் போட்டுப் படித்தேன். தாள் முழுக்க, மூலை முடுக்கெல்லாம், இடம் போதாமல் ஓரத்தைச் சுற்றியும் எழுதியிருந்தான். மழை பெய்து ஏரி நிரம்பியிருக்கிறது. புளி விலை இறங்கிவிட்டது. பழைய மண்டிக்காரர் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, ஓட்டத் தெரியாமல், சந்தையில் வளையல் கடைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டார். வளையல்காரி அவர் கையைப் பிடித்து, உடைந்த கணக்குக்கு முழங்கை வரைக்கும் வளையல் போட்டு அனுப்பினாள். ஜமீலா இளைத்துவிட்டாள், அவன் பெருத்துவிட்டான், ஏனென்று டாக்டருக்கே தெரியவில்லை. இப்படி நிற்காமல் ஓடியது கடிதம். படிக்கிற எனக்கே இரண்டு இடத்தில் சிரிப்பு வந்து நிறுத்த வேண்டியிருந்தது. சிங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரோஜா வளையல் கடைக்குச் சிரித்த சிரிப்பில் அரிசி தண்ணீரோடு தரையில் போயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க கூட்டாளி இவ்ளோ நல்லா எழுதுவாராங்க? இத்தினி நாளு ஏன் இப்டி எழுதாம இருந்தாரு?”